ஒரே வாய், இரண்டு பிள்ளைகள்

மொக்போ
28 டிசம்பர் 1983

தங்கை சுன்சிம்முக்கு,

இங்கே கடற்காற்று காதை அறுக்கிறது. மற்றபடி நானும் ஜேஹோவும் நலம். நீயும் வீட்டுக்காரரும் மிரானும் எப்படி இருக்கிறீர்கள்? கரி அடுப்பைப் போட்டுக்கொண்டு படுத்தால் ஜன்னலை ஒரு விரல் அளவாவது திறந்து வையுங்கள். போன வாரம் எங்கள் தெருவில் அந்தப் புகையில் மயங்கி விழுந்த இரண்டு பேரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

போன் பண்ணாமல் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். இங்கே போன் இருப்பது மீன் சந்தைச் சங்கத்தில். நான் பேசினால் சந்தையே வேலையைப் போட்டுவிட்டுக் கேட்கும். அதோடு, பிடிக்காத பேச்சு வந்தால் நீ "அக்கா, அடுப்புல பொங்குது"ன்னு சொல்லி வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

விஷயம் இதுதான். ஜேஹோவுக்குப் பரீட்சையில் நல்ல மார்க். அவன் அப்பா போன பிறகு உப்பு இறால் ஜாடி தூக்கி விற்று வளர்த்த பிள்ளை. பல் டாக்டருக்குப் படிக்கட்டும் என்று வாத்தியார் சொல்கிறார். சோலில் ஒரு கல்லூரி, குவாங்ஜூவில் ஒரு கல்லூரி. இரண்டில் எதில் விண்ணப்பம் போட? எங்கே வேலை நன்றாகக் கற்றுக்கொடுப்பார்கள், எங்கே படித்தால் பின்னால் பிழைப்பு ஓடும்? நீ தலைநகரத்தில் இருக்கிறாய், நாலு பேரைத் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் எந்த இறால் எந்த மாதத்தில் வரும் என்பதுதான்.

மிரானும் பல் டாக்டருக்குத்தான் படிக்கப்போகிறாள் என்று கேள்விப்பட்டேன். நீ சொல்லவில்லை. பரவாயில்லை.

விசாரிப்புடன்,
அக்கா ஓக்பூன்


சோல்
4 ஜனவரி 1984

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருஷம் உனக்கும் ஜேஹோவுக்கும் நல்லபடியாக இருக்கட்டும். உன் முழங்கால் வலி எப்படி? எனக்குத் தலைவலி விட்டபாடில்லை. பெண்ணைப் பெற்றவளுக்குத் தலைவலி எப்போது விடும்?

நீ அனுப்பிய உப்பு இறால் வந்தது. ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. அம்மா இருந்த வரைக்கும் வருஷம் தவறாமல் கணவாய்க் கருவாடு அனுப்புவாய். அம்மா போன ஐந்து வருஷமாக எனக்கு இறால் மட்டும்தான். இன்சோனில் இருக்கும் உன் நாத்தனார் வீட்டுக்கு மட்டும் இருபது கணவாய் போனதாம். இருக்கட்டும். கூடப் பிறந்தவளுக்கு இறால் போதும் என்று நினைத்திருப்பாய்.

ஜேஹோவைக் குவாங்ஜூவில் போடு. நன்றாக விசாரித்துவிட்டுத்தான் சொல்கிறேன். சோலில் நோயாளிகள் எல்லாரும் பேராசிரியர் கைதான் வேண்டும் என்பார்கள். மாணவர்கள் பின்னால் கை கட்டி நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். குவாங்ஜூ அப்படி இல்லை. ஜொல்லா மாகாணத்துப் பல்வலி முழுக்க அங்கேதான் வந்து இறங்கும். சீக்கிரமே இடுக்கியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். பல் வைத்தியத்தில் கை பழகுவதுதான் படிப்பு. சோல் பட்டம் சுவரில் மாட்டத்தான். நாளைக்கு மொக்போவில் ஆஸ்பத்திரி வைத்தால் அவன் ராஜா. இங்கே ரொட்டிக் கடையைவிடப் பல் டாக்டர்கள் அதிகம்.

மிரானா? அவள் அப்பா சோலில்தான் போட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். வயசுப் பெண்ணை வெளியூரில் விட முடியாது என்கிறார். நான் என்ன செய்ய?

உடம்பைக் கவனித்துக்கொள்.
உன் தங்கை சுன்சிம்


மொக்போ
9 ஜனவரி 1984

சுன்சிம்முக்கு,

முழங்கால் இருக்கிறது, வலியும் இருக்கிறது. உன் தலைவலிக்கு இஞ்சித் தேநீர் குடி.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். சோல் கல்லூரியில் கை கட்டி நிற்க வேண்டும் என்றால் உன் பெண்ணை மட்டும் ஏன் அங்கே போடுகிறாய்? அவள் கை வலிக்குமா? உன் பெண்ணுக்கு அமிர்தம், என் பிள்ளைக்கு மட்டும் விஷமா?

சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். வீட்டுக்கு யார் வந்தாலும், "சின்னவ பல்லப் பாருங்க, மாதுளை முத்துக் கோத்த மாதிரி"ன்னு வாயைப் பிளப்பார்கள். நான் கோணல் பல்லை உதட்டால் மூடிக்கொண்டு தண்ணீர் கொண்டுவந்து வைப்பேன். நல்லது எல்லாம் உனக்கு, கழித்தது எல்லாம் எனக்கு. இந்தத் தடவை அப்படி நடக்காது. ஜேஹோவும் சோலில்தான் போடப்போகிறான். விண்ணப்பத்துக்குக் கடைசி நாளன்று நானே கூட வருகிறேன்.

வீட்டுக்காரரைக் கேட்டதாகச் சொல்.
ஓக்பூன்


சோல்
27 ஜனவரி 1984

ஓக்பூன் அக்காவுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்தாயா? உன் வயிறு குளிர்ந்ததா?

நடந்ததை உனக்கு நானே சொல்கிறேன், அப்புறம் தெரியாது என்று சொல்லாதே. விண்ணப்பம் போடும் கடைசி நாள் எல்லாரும் என்ன செய்வார்களோ அதைத்தான் நாங்களும் செய்தோம். மிரானும் நானும் சோல் கல்லூரிக் கவுன்ட்டர் பக்கத்தில், விண்ணப்பத்தைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு, கூட்டத்தை எண்ணிக்கொண்டு நின்றோம். அவள் அப்பா இன்னொரு விண்ணப்பத்தோடு குவாங்ஜூ கல்லூரி வாசலில் பொதுப் போன் பக்கத்தில் நின்றார். இங்கே கூட்டம் குறைவு என்றால் இங்கே, அதிகம் என்றால் அங்கே. ஊரே அப்படித்தான் செய்தது.

மூன்றரை மணிக்கு உன்னைப் பார்த்தேன். மீன் சந்தை ரப்பர் பூட்ஸோடு, நாலு பேரை முழங்கையால் இடித்துக்கொண்டு முன்னால் வந்தாய். பின்னால் ஜேஹோ. மொக்போவிலிருந்தே இப்படி வருகிறார்கள் என்றால் நாடு முழுக்க எத்தனை பேர் வந்திருப்பார்கள்? அதோடு அவனுக்கு மிரானைவிட இரண்டு மார்க் அதிகம். கடைசியாக ஒரே ஒரு இடம் மிஞ்சினாலும் அது அவனுக்குத்தான் போகும். போனுக்கு ஓடினேன். "அங்கேயே போட்டுடுங்க!"ன்னு கத்தினேன். போட்டுவிட்டார்.

ஐந்து மணிக்குப் பலகையில் கணக்கு எழுதினார்கள். மொத்த இடத்துக்கு நாலு பேர் குறைவு. எல்லாரும் என்னைப் போலவே பயந்து ஓடிவிட்டார்கள். போட்டவனெல்லாம் பாஸ், உன் ஜேஹோவும். மிரான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். நீ மட்டும் அன்றைக்கு அந்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு வராமல் இருந்திருந்தால், என் பெண் என் கூட இருந்தே படிப்பாள்.

இனிமேல் எனக்குக் கடிதம் போடாதே. முழங்காலைப் பார்த்துக்கொள்.

சுன்சிம்


மொக்போ
20 மே 1984

சுன்சிம்முக்கு,

போடாதே என்றாய், போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மிரான் பஸ் ஏறி இங்கே வந்தாள். விடுதிச் சாப்பாடு அவளுக்குப் பிடிக்கவில்லை. நண்டுக் குழம்பு வைத்தேன், மூன்று கிண்ணம் சோறு சாப்பிட்டாள். அடுத்த ஞாயிறும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். நீ கவலைப்படுவாய் என்று சொல்கிறேன், வேறொன்றும் இல்லை.

ஜேஹோ சோலில் ஒரு அறையில் தனியாக இருக்கிறான். ஒரு நாள் கூப்பிட்டுச் சாப்பாடு போடு. உன் மேல் அவனுக்குக் கோபம் இல்லை. கோபம் எல்லாம் நமக்குள்தான்.

எல்லாரும் நலமா?
அக்கா


சோல்
19 மார்ச் 1989

அன்புள்ள அக்காவுக்கு,

ஐந்து வருஷம் ஆகிவிட்டது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நலமா? முழங்கால் எப்படி? இங்கே ஒலிம்பிக் வந்து, முடிந்து, கொடியெல்லாம் இறக்கியாகிவிட்டது. நாம் இன்னும் பேசவில்லை.

முதலில் மனதில் இருப்பதைக் கொட்டிவிடுகிறேன். மிரான் எனக்கு எழுதும் கடிதம் இரண்டே வரி. "நலம். போர்வை அனுப்பவும்." உன் வீட்டுக்கு மட்டும் ஞாயிறு தவறாமல் போகிறாள். லீவுக்கு இங்கே வந்தால் என் முட்டைக்கோஸ் கிம்ச்சியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பெரியம்மா போடறது இன்னும் காரமா இருக்கும்"னு சொல்கிறாள். பெற்றவள் நான். பத்து மாதம் சுமந்தவள் நான். வயிறு எரிகிறது அக்கா. மறைக்க எனக்குத் தெரியவில்லை.

இப்போது ஒரு உதவி. கடைசி வருஷப் பரீட்சைக்கு உட்கார வேண்டும் என்றால், ஒவ்வொருவரும் பல்லே இல்லாத ஒரு வாய்க்கு மேலும் கீழும் முழு பல் செட் கட்டிக் காட்ட வேண்டுமாம். ஆளையும் அவர்களே தேடிக் கொண்டுவர வேண்டும். ஆகஸ்ட் முடிவதற்குள் கட்டாவிட்டால் ஒரு வருஷம் போய்விடும். பல் பிடுங்க, ஓட்டை அடைக்க அங்கே கூட்டம் அலைமோதுகிறது. ஆனால் மொத்தப் பல்லும் போன வாய் கிடைப்பது குதிரைக் கொம்பு.

நீ வருஷக்கணக்காகக் கஞ்சிதான் குடிக்கிறாய் என்று மிரான் சொன்னாள். மிச்சம் இருக்கிற பல்லும் ஆடுகிறதாம். கேட்க அவளுக்கு வெட்கம். நான் கேட்கிறேன். உன் வாயை என் பெண்ணுக்குக் கொடு. அவள் அப்பா, "உன் வாயையே கொடேன்"னு கிண்டல் பண்ணுகிறார். என் வாயில் என்ன இருக்கிறது? என் பல்லைப் பற்றி ஊருக்கே தெரியும்.

போன வாரம் ஜேஹோ வந்திருந்தான். இளைத்திருக்கிறான். இரண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டான். வேறு விசேஷம் இல்லை.

சீக்கிரம் பதில் போடு.
உன் சுன்சிம்


மொக்போ
30 ஏப்ரல் 1989

தங்கைக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்று பயந்துவிட்டேன். அப்புறம் படித்தேன். எல்லாரும் உயிரோடு இருப்பதில் சந்தோஷம்.

பதிலுக்குப் பதிலாக வேலையையே முடித்துவிட்டேன். மிச்சம் இருந்தது பதினொரு பல். மூன்று தடவை குவாங்ஜூ போய் எல்லாவற்றையும் மிரான் கையால் பிடுங்கியாயிற்று. முதல் நாள் இடுக்கியை எடுத்ததுமே, "பெரியம்மா, வலிச்சா கையத் தூக்குங்க"ன்னா. சும்மா பயம் காட்டலாம் என்று தூக்கினேன். இடுக்கியைக் கீழே போட்டுவிட்டு ஓவென்று அழுதாள். பின்னால் நின்ற வாத்தியார், "நோயாளி அழணும்மா, நீ ஏன் அழற?"ன்னார். எனக்கு ரத்தம் கொப்பளித்துக்கொண்டே சிரிப்பு. பல்லில்லாமல் சிரிப்பதும் சுகமாகத்தான் இருக்கிறது, மூடி மறைக்க ஒன்றும் இல்லை.

ஈறு ஆற இரண்டு மாதத்துக்கு மேல் ஆகுமாம். ஜூலையில் அச்செடுக்க ஆரம்பித்தால் ஏழெட்டு வாரம், வாரம் ஒரு தடவை போக வேண்டும், ஆகஸ்டில் முடிந்துவிடும். அவள் கையைப் பிடித்து, "இது உனக்குத்தாண்டி"ன்னு வார்த்தை கொடுத்திருக்கிறேன்.

ஜேஹோவிடம் என் வாயைப் பற்றி மூச்சு விடாதே. அவன் வரும்போதெல்லாம் "சாப்பிட்டாச்சுடா"ன்னு சொல்லி, கையால் வாயை மூடிக்கொண்டே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன். எனக்குப் பல் இல்லை என்று தெரிந்தால், "எனக்குப் புத்தகம் வாங்கிட்டு நீ வாயைக் கெடுத்துக்கிட்டியா"ன்னு உட்கார்ந்துவிடுவான். சுசோக் பண்டிகைக்கு வரும்போது முழுப் பல்லோடு சிரித்துக் காட்டுகிறேன்.

உனக்குத் தலைவலி விட்டதா?
அக்கா ஓக்பூன்


மொக்போ
11 ஜூன் 1989

சுன்சிம்,

நலம் விசாரிக்க இன்றைக்கு எனக்கு மனது இல்லை.

ஜேஹோவிடமிருந்து கடிதம் வந்தது. அவன் எதையும் கேட்டு எழுதுகிறவன் இல்லை. அவனுக்கும் அதே முழு செட் கட்ட வேண்டுமாம். அதே ஆகஸ்ட் கடைசி. சோலில் பல்லில்லாத கிழவர்கள் எல்லாரும் பேராசிரியரிடம்தான் போகிறார்கள். பகோடா பூங்காவில் சதுரங்கம் ஆடும் தாத்தாக்களிடம் ஒவ்வொருவராக, "ஐயா, வாயக் கொஞ்சம் திறந்து காட்டறீங்களா"ன்னு கேட்டிருக்கிறான். அடிக்க வந்தார்களாம். இரண்டு பேர் அவன் காசில் சோஜு சாராயம் வாங்கிக் குடித்துவிட்டு, ஒரு நாள் வந்து அச்சுக் கொடுத்துவிட்டு மாயமாகிவிட்டார்கள். "அம்மா, நம்ம சந்தையில யாராவது இருக்காங்களா?"ன்னு எழுதியிருக்கிறான். அம்மாவிடமே கேட்கிறான். என் வாயை வைத்துக்கொண்டு நான் அந்தக் கடிதத்தைப் படித்தேன்.

அதே கடிதத்தில் இன்னொரு வரி. "மார்ச் பன்னண்டாம் தேதி சித்தி வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அப்படி யாரையும் தெரியாதுன்னுட்டாங்க."

உன் கடிதத்தை எடுத்துத் தேதி பார்த்தேன். மார்ச் பத்தொன்பது. ஐந்து வருஷம் பேனாவைத் தொடாதவள், என் பிள்ளை வந்து கேட்டுவிட்டுப் போன ஏழாம் நாள் ஓடி வந்து என் வாய்க்கு முன்பதிவு செய்திருக்கிறாய். "வேறு விசேஷம் இல்லை"யாம்! உன் வீட்டுச் சோற்றை வாயில் வைத்துக்கொண்டு அவன் கேட்டபோது, அவன் முகத்தைப் பார்த்து எப்படியடி சொன்னாய்?

ஓக்பூன்


சோல்
17 ஜூன் 1989

அக்கா,

ஆமாம், மறைத்தேன். இப்போது என்ன செய்யப்போகிறாய்?

அவன் சாப்பிட்டுக்கொண்டே, "சித்தி, முழுசாப் பல் போனவங்க யாராவது தெரியுமா?"ன்னு கேட்டதுமே எனக்கு உன் முகம்தான் ஞாபகம் வந்தது. சொன்னால் நீ அவனுக்குத்தான் கொடுப்பாய். தன் பிள்ளை என்று வரும்போது யார் விட்டுக்கொடுப்பார்கள்? சோல் கல்லூரி அவனுக்கு. சோல் பட்டம் அவனுக்கு. நாளைக்கு அவன் ஆஸ்பத்திரி வாசலில் சோல் என்று எழுதினால் நாலு பேர் அதிகம் வருவார்கள். என் பெண் மூலையில் கிடக்கிறாள், அவள் பாசத்தையும் நீ எடுத்துக்கொண்டாய். இந்த ஒன்றாவது அவளுக்கு இருக்கட்டும் என்று நினைத்தேன். பொறாமைதான். அதன் பேர் தெரியாமல் ஒன்றும் செய்யவில்லை.

அக்கா, காலில் விழுகிறேன். வார்த்தையை மாற்றாதே. உன் பல்லைப் பிடுங்கியது அவள். ஈறு ஆறுவதற்கும் கெடுவுக்கும் நடுவில் ஒரே ஒரு செட் கட்டத்தான் நேரம் இருக்கிறது, அங்கேயும் இங்கேயும் உன்னால் போக முடியாது. அதை இப்போது ஜேஹோவுக்குக் கொடுத்தால் அவள் என்ன செய்வாள்? உன்னைப் பெரியம்மா என்று நம்பித்தான் வேறு யாரையும் அவள் தேடவில்லை.

நீ என்ன முடிவு செய்தாய் என்று ஒரு வரி எழுது. எனக்குத் தூக்கம் இல்லை.

சுன்சிம்


மொக்போ
2 ஜூலை 1989

சுன்சிம்முக்கு,

நலம். தூங்கு.

இரண்டு வாரம் யோசித்தேன். இறால் ஜாடிக்கு உப்புப் போட மறந்து ஒரு ஜாடி நாறிவிட்டது. பெற்ற பிள்ளை வருஷம் இழந்து நிற்கும்போது தங்கை பெண்ணுக்கு வாயைக் கொடுப்பவள் உண்டா என்று சந்தையில் கேட்டால் செருப்பால் அடிப்பார்கள். உன் மேல் இருக்கும் கோபத்தில் சோலுக்கு ரயில் டிக்கெட்டே வாங்கிவிட்டேன். ஸ்டேஷன் வரைக்கும் போனேன்.

அப்போது ஒன்று நினைத்தேன். பதினோராவது பல் வரவில்லை என்று மிரான் முக்கால் மணி நேரம் போராடினாள். வேர்வை என் நெற்றியில் சொட்டியது. வெளியே வந்ததும் அவள் துண்டால் என் வாயைத் துடைத்து, மடியில் படுக்க வைத்துக்கொண்டாள். பஸ் வரும் வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண்ணை ஏமாற்றிவிட்டு என்னால் வாயைத் திறக்க முடியாது. டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நாளை மறுநாள் குவாங்ஜூவில் முதல் அச்சு.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று ஜேஹோவுக்கு எழுதிவிட்டேன். என் வாய் விஷயத்தையும் எழுதிவிட்டேன். உடனே சங்கத்துக்குப் போன் பண்ணினான். முதலில், "வலிச்சுதாம்மா?"ன்னான். சந்தை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. "ஒரு வருஷம் திரும்பப் படிச்சுக்கிறேன், விடும்மா"ன்னான். "வேற யாராவது தெரியுமாம்மா, கடைசியாக் கேட்கிறேன்"னான். எனக்கு ஒருத்தரையும் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

உன் பெண் பாஸாகிவிடுவாள். சந்தோஷமாக இரு.

அக்கா


சோல்
15 ஜூலை 1989

அக்கா,

நலமா? உன் அச்சு நன்றாக வந்ததா? ஈறு வலிக்கிறதா? நிஜமாகவே கேட்கிறேன்.

உன் கடிதத்தை மூன்று நாள் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். நீ என்னைத் திட்டி எழுதியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். திட்டாமல் விட்டுவிட்டாய்.

புதன்கிழமை ஜேஹோவின் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனேன். வரிசையில் நின்று சீட்டு வாங்கினேன். நல்ல உடைதான் போட்டிருந்தேன், உதட்டுக்குச் சாயமும் பூசியிருந்தேன். பழக்கம். முகத்தில் துணி கட்டிக்கொண்டு ஜேஹோ வந்தான். "சித்தி? இங்க என்ன பண்றீங்க?"ன்னான். நாற்காலியில் சாய்ந்தேன். "வாசல் பக்கம் பாத்து நில்லுடா, யாராவது வராங்களான்னு"ன்னேன். கைக்குட்டையை விரித்து, மேல் செட், கீழ் செட் இரண்டையும் கழற்றி அதில் வைத்து, அவன் கையில் கொடுத்தேன்.

ஆமாம் அக்கா. மாதுளை முத்து.

மிரான் பிறந்த பிறகே பல் ஒவ்வொன்றாக ஆட ஆரம்பித்தது. அவர் சவூதிக்கு வேலைக்குப் போயிருந்த வருஷம், வீடு வீடாகப் பெட்டி தூக்கிக்கொண்டு வருவானே ஒரு பல் கட்டுகிறவன், டாக்டரும் இல்லை ஒன்றும் இல்லை, அவன் ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு இதைக் கட்டிக் கொடுத்தான். அவர் திரும்பி வந்து, "நீ முன்னவிட அழகாச் சிரிக்கறே"ன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகப் பன்னிரண்டு வருஷம் அவர் முன்னால் கழற்றவே இல்லை. மிரான் வாயைக் காட்டச் சொன்னால் சமையலறைக்கு ஓடிவிடுவேன். பெற்ற பெண்ணுக்கு ஒரு வாய் வேண்டும் என்று உன்னிடம் பிச்சை கேட்டவள், என் வாயைக் காட்டவில்லை. ஜேஹோ கேட்டபோதும் இந்தப் பல்லை வைத்துக்கொண்டே சிரித்து, தெரியாது என்றேன். நீ கணவாய் அனுப்பவில்லை என்று சண்டை போட்டதுகூட மெல்லுவதற்கு இல்லை. உன் நாத்தனாருக்கு மட்டும் போகிறதே என்ற எரிச்சல்தான்.

ஒரே ஒரு தடவை மாட்டிக்கொள்ளப் பார்த்தேன். அம்மா காரியத்துக்கு வந்த அன்று, கழற்றி ஒரு பித்தளைக் கிண்ணத்தில் தண்ணீர் விட்டு உன் சமையலறை அலமாரியில் வைத்தேன். அழுத களைப்பில் தூங்கிவிட்டேன். கண் விழித்தால் நன்றாக விடிந்துவிட்டது, வீடு முழுக்க சொந்தக்காரர்கள். வாயைப் பொத்திக்கொண்டு ஓடினேன். கிண்ணம் மூடியிருந்தது, மூடிமேல் ஒரு துணியும் கிடந்தது. தூக்கக் கலக்கத்தில் நானே மூடியிருப்பேன். கடவுள் காப்பாற்றினார்.

ஜேஹோ அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். சிரிக்கவில்லை. விரலால் என் ஈறைத் தொட்டுப் பார்த்து, "சித்தி, இங்க உரசி உரசிப் புண்ணாயிருக்கே. இதோட எப்படிச் சாப்பிட்டீங்க?"ன்னு கேட்டான். பன்னிரண்டு வருஷத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அழுதுவிட்டேன். அவன் திரும்பி, "சார், முழு செட் நோயாளி!"ன்னு கூப்பிட்டான். பக்கத்து நாற்காலியில் இருந்த மாணவர்கள் எல்லாரும் பொறாமையோடு என்னைப் பார்த்தார்கள். பல்லில்லாத வாயைப் பார்த்துப் பொறாமைப்படுகிறார்கள், கேட்டாயா!

எனக்கு ஆற வேண்டியது அதிகம் இல்லை. ஆகஸ்டுக்குள் முடித்துவிடலாமாம். வீட்டுக்காரரிடமும் மிரானிடமும் சொல்லிவிட்டேன். மிரான் போனிலேயே ஒரு மணி நேரம் கத்தினாள். அது எனக்கு வேண்டும்தான்.

உன் தங்கை
சுன்சிம்


மொக்போ
3 செப்டம்பர் 1989

என் தங்கை சுன்சிம்முக்கு,

நலம். உன் செல்லப் பெண் கட்டிய பல்லோடு நலம். நேற்றுக் கிம்ச்சித் தண்டு கடித்தேன். நறுக்கென்று சத்தம் கேட்டு நானே திடுக்கிட்டேன். மிரானுக்கு வாத்தியார் நல்ல மார்க் போட்டிருக்கிறாராம். ஜேஹோவும் பரீட்சைக்கு உட்காரலாம் என்று எழுதியிருக்கிறான். உன் புண் ஆறிவிட்டதா?

எனக்கு ஒரே ஒரு எரிச்சல், சொல்லிவிடுகிறேன். என் பிள்ளை வாழ்க்கையில் முதன்முதலாகக் கட்டிய பல் உன் வாயில் இருக்கிறது. நான் தூக்கின ஜாடி அத்தனையும் உன் வாயில் இருக்கிறது. நீ அதைப் போட்டுக்கொண்டு சோல் முழுக்கச் சிரித்துக்கொண்டு திரிவாய். நினைத்தால் வயிறு பற்றி எரிகிறது. நீ என் வாயை நினைத்து எரிந்துகொள், கணக்குச் சரியாகிவிடும்.

இன்னொன்று. அந்தக் கிண்ணத்தைக் கடவுளும் மூடவில்லை, நீயும் மூடவில்லை. காப்பிக்கு வெந்நீர் வைக்கப் போனவள் நான்தான் பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன் சுன்சிம், முதலில் எனக்கு சந்தோஷமாக இருந்தது. நாற்பது வருஷம் எல்லாரும் கொண்டாடின பல் தண்ணீரில் கிடக்கிறதே என்று நின்று ரசித்தேன். அப்புறம் கூடத்தில் உன்னைப் பார்த்தேன். அம்மா படத்துக்குக் கீழே, கன்னம் ஒட்டிப்போய், வாயைக் கையால் மூடிக்கொண்டே தூங்கிக்கொண்டிருந்தாய். நான் வாழ்நாள் முழுக்க மூடின மாதிரியே. திரும்பிப் போய் மூடி போட்டேன், மேலே துணியும் போட்டேன். ஜேஹோ போனில் கடைசியாகக் கேட்டபோதும் அந்தத் துணியை எடுக்க எனக்கு மனது வரவில்லை.

சுசோக் பண்டிகைக்கு நாம் ஐந்து பேரும் ஒன்றாக இருக்க வேண்டும், அம்மா படையலுக்கு எல்லாரும் இங்கேயே வாருங்கள். இத்துடன் ஒரு பார்சல் வரும். உள்ளே கணவாய்க் கருவாடு இருபது இருக்கிறது. பதினொரு வருஷமாக ஏன் அனுப்பவில்லை என்று இனிமேல் கேட்க மாட்டாய்.

நன்றாக மென்று தின்.
அக்கா ஓக்பூன்